கப்பலின் பிறப்பும் இறப்பும்: ஐரோப்பியக் கப்பற்றொழிலின் சுழற்சியும் போட்டித்திறனும் பற்றிக் கொழும்புக் கரையிலிருந்து ஒரு நோக்கு

1. பிரச்சினை

கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குப் புறத்தே அமைந்துள்ள கொச்சிக்கடையும் அதனையடுத்த கொட்டாஞ்சேனையும் துறைமுகத் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த பகுதிகளாகும். கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலிருந்து துறைமுகம் கூப்பிடு தூரத்திலேயே உள்ளது. கரி சுமந்தோர், பொதி தூக்கியோர், வள்ளம் வலித்தோர், பட்டறைகளில் இரும்படித்தோர் எனப் பல்வேறு தொழிலாளரும் இச்சுற்றுப்புறத் தெருக்களில் வாழ்ந்தனர். 1920இலும் 1927இலும் நடைபெற்ற துறைமுக வேலைநிறுத்தங்கள் இலங்கைத் தொழிலாளவர்க்க வரலாற்றின் முக்கிய கட்டங்களாகும். ஏ. ஈ. குணசிங்க தலைமையிலான தொழிற்சங்க இயக்கத்தின் எழுச்சியை ஆராய்ந்த குமாரி ஜயவர்தனவின் 1972ஆம் ஆண்டு நூல் அவ்வரலாற்றை நமக்குத் தெளிவாக்கிற்று.

அவ்வரலாற்றோடு சேர்த்து எழுப்பப்படவேண்டிய வினா ஒன்றுண்டு. தொழிலாளர் ஏற்றியும் இறக்கியும் பழுதுபார்த்தும் உழைத்த அக்கப்பல் எங்கே பிறந்தது? யாருடைய உடைமையாக வாழ்ந்தது? எந்தக் கரையில் மாண்டது? கப்பலின் ஆயுளை இவ்வாறு பிறப்பிலிருந்து இறப்புவரை தொடர்ந்து நோக்கும்பொழுது, உலக முதலாளித்துவத்தின் அசைவு வேறெந்தப் பண்டத்தின் வரலாற்றிலும் காணமுடியாத தெளிவுடன் புலப்படுகின்றது.

இவ்வினா இன்று புதிய முக்கியத்துவம் பெற்றுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இலும் 2020இலும் வெளியிட்ட செயற்றிட்டங்கள் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்னும் கருத்தை முன்வைத்தன. ஒருமுறை பயன்படுத்திய பொருளைக் கழித்துவிடாது, பழுதுபார்த்தும் பிரித்தெடுத்தும் உருமாற்றியும் மீண்டும் உற்பத்திக்குள் கொண்டுவருதலே இக்கருத்தின் சாரம். கப்பற்றொழிலைப் பொறுத்தவரை இது ஐரோப்பாவின் உலகப் போட்டித்திறனை மீட்டெடுக்கும் வழியாகவும் பேசப்படுகின்றது. சுழற்சியும் போட்டித்திறனும் ஒன்றுக்கொன்று துணைநிற்பன என்பதே இப்பேச்சின் அடிப்படை.

வரலாறு இதற்கு வேறு விளக்கம் தருகின்றது. கப்பற்றொழிலிற் போட்டித்திறன் எனப்பட்டது பெரும்பாலும் ஒரு கப்பலின் முடிவுக்கான செலவைப் பிறர்மீது சுமத்தும் வல்லமையாகவே இருந்துவந்துள்ளது என்பதும், அச்செலவு கணக்கிற் சேராதவரை சுழற்சி என்பது ஒருபக்க இலாபமாகவே எஞ்சும் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

2. மரக்கலத்தின் சுழற்சி

மரக்கலங்களின் காலத்தில் கட்டுதல், பழுதுபார்த்தல், பிரித்தல் ஆகிய மூன்றும் ஒரே கரையின், பெரும்பாலும் ஒரே கைவினைஞர் கூட்டத்தின் வேலைகளாக இருந்தன. ஏராக்கட்டையை நாட்டியவனே சில ஆண்டுகளின் பின் உக்கிய பலகையைக் கழற்றிப் புதிய பலகையைப் பொருத்துவான். பொருத்துக்களில் நார் திணித்துக் கலப்பற்றுப் பார்ப்பான். பலகை பலகையாக மாறிக்கொண்டே ஒரு தோணி இரண்டு மூன்று தலைமுறை வாழ்வதுமுண்டு. பழுதுபார்த்தலே மரக்கலத்தின் ஆயுளைத் தீர்மானித்தது.

நமது நாட்டில் இம்மரபின் தலையாய நிலையம் வல்வெட்டித்துறை. ஓடாவிகளின் கைத்திறனும் தண்டையல்களின் கடலறிவும் அங்கு ஒன்றிணைந்திருந்தன. அங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை 1930களில் வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர்மாறிய அக்கப்பல் 1937இல் வல்வெட்டித்துறைக் கடலோடிகளுடன் புறப்பட்டுச் சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் ஆகியவற்றைக் கடந்து 1938 ஆகஸ்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இந்நிகழ்ச்சி நம்மவரிடையே பெருமிதத்துடன் நினைவுகூரப்படுகின்றது. பெருமிதம் நியாயமானதே. ஆயினும் ஆராய்ச்சியாளன் இங்கு வேறொன்றையும் கேட்கவேண்டும்: அத்திலாந்திக்கைக் கடக்கும் கப்பலைக் கட்டவல்ல கரையொன்று ஏன் ஒரு கப்பற்றொழில் மையமாக வளரவில்லை?

இதற்கான விடையைத் தேடி ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு மிகுந்தது. பம்பாயில் வாடியா குடும்பத்தினர் தேக்குமரத்தாற் கட்டிய கப்பல்கள் பிரித்தானியக் கடற்படைக்கே பயன்பட்டன. நமது திருகோணமலையின் பெயரைத் தாங்கிய 'ட்ரிங்கோமலி' என்னும் போர்க்கப்பல் 1817இல் பம்பாயிலேயே நீரில் இறக்கப்பட்டது. அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூல் நகரில் மிதக்கின்றது. தரத்திலும் நீடித்துழைப்பதிலும் இந்தியத் தேக்குக் கப்பல்கள் பின்தங்கியிருக்கவில்லை என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

இக்கப்பல்கள் சரக்குடன் தேம்ஸ் நதிக்கு வரத்தொடங்கியபொழுது லண்டன் கப்பல் கட்டுநர் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1814, 1815ஆம் ஆண்டுகளிற் பிரித்தானியப் பாராளுமன்றம் இந்தியக் கப்பல்களின் பதிவையும் ஓட்டத்தையும் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றியது. ஆசிய மாலுமிகள் பிரித்தானிய மாலுமிகளாகக் கணிக்கப்படாமையால், அவர்களைக்கொண்டு ஓட்டப்பட்ட கப்பல்கள் சலுகைகளை இழந்தன. இவ்வரலாற்றை ராதாகுமுத் முகர்ஜி 1912இல் வெளியிட்ட இந்தியக் கப்பற்போக்குவரத்து வரலாற்று நூலில் விரிவாக எடுத்துரைத்துள்ளார். ஆகவே, சந்தையில் தோற்றதனால் மாத்திரம் இந்நாடுகளின் கப்பற்றொழில் நலியவில்லை. சந்தையின் விதிகளை வகுக்கும் அதிகாரம் மறுகரையில் இருந்தது. வல்வெட்டித்துறை போன்ற சிறு கரைகள் அவ்வதிகாரம் எட்டாத இடைவெளியில், பாக்குநீரிணையினதும் வங்கக் கடலினதும் குறுந்தூர வணிகத்தை நம்பித் தம்மைக் காத்துக்கொண்டன.

3. இரும்பும் கரியும்

1869இற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டமை நீராவிக் கப்பலுக்கு ஆசியாவின் கதவைத் திறந்தது. அதுவரை காலியே இலங்கையின் முதன்மையான தரிப்பிடமாக இருந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்பணைக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அவ்வணை நிறைவுற்றபின் கொழும்பு கிழக்குத் திசைக் கடல்வழிகளின் சந்தியாயிற்று. பிரித்தானியாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த நிலக்கரி இங்கு குவிக்கப்பட்டது. அதைக் கூடை கூடையாகக் கப்பல்களுக்குச் சுமந்த தொழிலாளர் தொகுதி துறைமுகத்தைச் சூழ்ந்து குடியேறிற்று.

இரும்புக் கப்பலின் வருகை சுழற்சியை முதன்முறையாகப் பல கரைகளுக்குப் பிரித்தது. கப்பல் கிளைட், டைன் நதிக்கரைகளிற் பிறந்தது. கரியும் பழுதுபார்ப்பும் கொழும்பு போன்ற தரிப்பிடங்களிற் கிடைத்தன. மாலுமிகள் ஆசியாவிலிருந்து மலிவாகத் திரட்டப்பட்டனர். இலாபம் லண்டனைச் சேர்ந்தது. மேற்பார்வை, வடிவமைப்பு, காப்புறுதி, தரச்சான்று ஆகியன யாவும் அங்கேயே இருந்தன. முதலாம் உலகப் போருக்கு முன்னர் உலகிற் கட்டப்பட்ட கப்பல்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை பிரித்தானியாவிற் கட்டப்பட்டவை.

இவ்வமைப்பினுள் ஒரு தமிழ் முயற்சி நுழைந்தபொழுது நிகழ்ந்ததை நாம் நன்கறிவோம். வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906இற் சுதேசி நீராவிக் கப்பற் கொம்பனியைத் தொடங்கினார். 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் 1907இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஓடத்தொடங்கின. போட்டிக் கொம்பனியான பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கொம்பனி கட்டணத்தை ஒரு ரூபாவரை வெட்டிற்று. இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்ததாகக் கூறப்படுகின்றது. 1908இற் சிதம்பரம்பிள்ளை சிறையிடப்பட்டார், கொம்பனி நிலைகுலைந்தது. நட்டத்தை நீண்டகாலம் தாங்கும் மூலதனமும், எதிரியைச் சிறையிடும் அரசும் ஒருபுறத்திலிருக்க, மறுபுறத்திலிருந்தோரின் 'போட்டித்திறன் குறைவு' பற்றிப் பேசுவது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று.

4. ஜாரோ நகரின் பாடம்

போட்டியின் செலவு குடியேற்ற நாடுகளின்மீது மாத்திரம் விழுந்தது எனக் கொள்வதும் தவறாகும். அது ஐரோப்பியத் தொழிலாளவர்க்கத்தின்மீதும் விழுந்தது. இதற்கு வட இங்கிலாந்தின் ஜாரோ நகரம் சிறந்த எடுத்துக்காட்டு.

1930இற் பிரித்தானியக் கப்பல் கட்டும் முதலாளிகள் ஒன்றுசேர்ந்து, 'மிகை'யான கட்டுதளங்களை விலைக்கு வாங்கி மூடுவதற்கென ஒரு நிறுவனத்தை அமைத்தனர். எஞ்சிய தளங்களின் இலாபத்தைப் பாதுகாப்பதே அதன் நோக்கம். ஜாரோவின் பாமர்ஸ் கட்டுதளம் இவ்வாறு வாங்கி மூடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு அந்நிலத்திற் கப்பல் கட்டலாகாது என்னும் நிபந்தனையும் விதிக்கப்பட்டது. அத்தளத்தை நம்பி வாழ்ந்த நகரத்தின் பெரும்பாலான தொழிலாளர் வேலையிழந்தனர்.

அந்நிலையில் 1935இல் அந்நகருக்கு ஒரு கப்பல் வந்தது: டைட்டானிக்கின் உடன்பிறந்த கப்பலான 'ஒலிம்பிக்'. அதைப் பிரித்தெடுக்கும் வேலையைத் தந்தால் வேலையற்றோர் சிலர் பிழைப்பர் என்பது அதை வாங்கிக்கொடுத்தவரின் எண்ணம். கப்பல் கட்டிய கைகள் கப்பலைப் பிரிக்கத் தொடங்கின. அதன் மரவேலைப்பாடுகள் ஏலத்தில் விற்கப்பட்டன; அவற்றிற் சில அல்னிக் நகர விடுதியொன்றின் சுவர்களை இன்றும் அலங்கரிக்கின்றன. 1937இல் எஞ்சிய அடிக்கூடு ஸ்கொத்லாந்தின் இன்வர்கீத்திங் கரையில் உருக்குக்காகத் துண்டாடப்பட்டது. பொருளின் சுழற்சி என்ற அளவில் இதில் யாதொரு குறையுமில்லை. கதவு கதவாகவும் உருக்கு உருக்காகவும் மீண்டும் பயன்பட்டது. எனினும் அந்த வேலை ஒன்றரை ஆண்டளவில் முடிந்துவிட்டது. இடையில், 1936இல், ஜாரோத் தொழிலாளர் வேலை கேட்டு லண்டன்வரை நடந்துசென்றனர். அவர்களுடைய பாராளுமன்ற உறுப்பினரான எலன் வில்கின்சன் 1939இல் வெளியிட்ட நூலுக்குக் கொலைசெய்யப்பட்ட நகரம் என்னும் பொருளில் தலைப்பிட்டார்.

பொருள் சுழலும்பொழுது அதைச் சுழற்றும் மனிதர் வீசியெறியப்படலாம் என்பதே ஜாரோவின் பாடம்.

5. கட்டுதளங்களின் இடப்பெயர்ச்சி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டுதளங்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தன. 1956இல் யப்பான் பிரித்தானியாவை விஞ்சிற்று. பின்னர் தென்கொரியாவும், 2010ஐ அண்மித்த ஆண்டுகளிற் சீனாவும் முன்னணிக்கு வந்தன. 2023இல் உலகிற் கட்டப்பட்ட கப்பற் கொள்ளளவில் அரைவாசிக்கு மேல் சீனாவினுடையது. இந்நாடுகள் ஒவ்வொன்றிலும் அரசின் கடனுதவியும், உருக்குத் தொழிலோடு இணைந்த திட்டமிடலும் இவ்வளர்ச்சிக்குக் காரணமாயின. போட்டித்திறன் இயற்கையின் கொடையன்று என்பதைக் கீழைநாடுகள் ஐரோப்பாவின் வரலாற்றிலிருந்தே கற்றுக்கொண்டன எனலாம்.

ஐரோப்பாவில் இதன் விளைவு கடுமையானது. கிளைட் நதிக்கரையில் 1971–72இல் தொழிலாளர் தளத்தை விட்டு வெளியேற மறுத்துத் தாமே வேலையைத் தொடர்ந்தனர். 1977இல் பிரித்தானியக் கட்டுதளங்கள் தேசியமயமாக்கப்பட்டன. எனினும் 1988இற் சண்டர்லாந்தின் தளங்கள் மூடப்பட்டன. சுவீடனின் மால்மோ நகரிற் கொக்கும்ஸ் கட்டுதளத்தின் அடையாளமாக நின்ற, ஏறத்தாழ 138 மீற்றர் உயரமான பாரந்தூக்கி 2002இல் ஒரு டொலருக்குத் தென்கொரியாவின் ஹியுண்டாய் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அது உல்சான் கட்டுதளத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது. உற்பத்திச் சாதனமே சுழற்சிக்குள்ளாகிய இந்நிகழ்ச்சியை மால்மோ மக்கள் கண்ணீருடன் நினைவுகூர்கின்றனர்.

ஆயினும் ஐரோப்பா கப்பற்றொழிலிலிருந்து விலகிவிடவில்லை. இத்தாலி, ஜேர்மனி, பிரான்ஸ், பின்லாந்து ஆகிய நாடுகளின் தளங்கள் உல்லாசப் பயணக் கப்பல்களைக் கட்டுவதில் முதன்மை வகிக்கின்றன. இயந்திரங்கள், கடற்கருவிகள், வடிவமைப்பு, தரச்சான்று ஆகியவற்றில் ஐரோப்பாவின் பங்கு பெரியது. அனைத்துக்கும் மேலாக, கிரேக்கம் முதலிய ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்தோர் உலக வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை உடைமையாகக் கொண்டுள்ளனர். கட்டுதலைக் கைவிட்டு உடைமையைக் கைவிடாத இந்நிலையே அடுத்த கட்டத்தை விளங்கிக்கொள்ளத் திறவுகோலாகும்.

6. அலங்: விலையின் இரு கூறுகள்

கப்பல் உடைத்தலும் கட்டுதலைப் போலவே இடம்பெயர்ந்தது. போருக்குப் பிந்திய ஐரோப்பாவிலிருந்து அது தாய்வானுக்குச் சென்றது; 1980களில் தென்னாசியாவை அடைந்தது. குஜராத்தின் காம்பே வளைகுடாவிலுள்ள அலங் கரையில் 1983இல் முதற்கப்பல் ஏற்றப்பட்டது. பங்களாதேஷில் 1960ஆம் ஆண்டுப் புயலாற் கரையொதுங்கிய கிரேக்கக் கப்பலொன்றைப் பிரித்தெடுத்ததிலிருந்து சிற்றகொங்கின் தொழில் தொடங்கியதாகக் கூறுவர். பாகிஸ்தானின் கடானியும் இவ்வரிசையிற் சேர்ந்தது.

காம்பே வளைகுடாவின் பெருக்குக்கும் வற்றுக்குமிடையிலான வேறுபாடு மிகப் பெரிது. பெருக்கின்போது கப்பலை முழுவேகத்திற் கரையிலேற்றி, வற்றின்போது அதைச் சேற்றிலேயே நிறுத்தித் துண்டாடுவர். உலர்துறையும் இறங்குதுறையும் தேவையில்லை, கரையே தொழிற்சாலை. ஒரிசா, பீகார், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களின் நிலமற்ற விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தோரே பெரும்பாலான தொழிலாளர். உலகின் மிக ஆபத்தான தொழில்களுள் இதுவும் ஒன்றெனச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கூறியுள்ளது. உயரத்திலிருந்து விழும் உருக்குத் தகடு, எண்ணெய்த் தாங்கிகளில் எஞ்சிய வாயுவின் வெடிப்பு, கல்நார்த் தூசி ஆகியன உயிரையும் சுவாசத்தையும் பறிக்கின்றன.

பழைய கப்பலுக்குத் தென்னாசியக் கரைகள் துருக்கியையோ ஐரோப்பாவையோ விடக் கூடிய விலை கொடுக்கின்றன. இக்கூடிய விலை எங்கிருந்து வருகின்றது என்பதே இக்கட்டுரையின் மையமான வினா. அது இரண்டு கூறுகளால் ஆனது. அவற்றைப் பிரித்து நோக்கவேண்டும்.

முதலாவது கூறு உண்மையான சுழற்சித் திறன். ஐரோப்பாவிற் பழைய உருக்கு பெரும்பாலும் உலையில் உருக்கப்படுகின்றது. பாவ்நகர்ப் பகுதியிலோ கப்பற்றகடுகளை உருக்காமலே சூடாக்கி உருட்டிக் கட்டடக் கம்பியாக்கும் ஆலைகள் உள்ளன. உருக்குவதற்கான எரிபொருள் இதனால் மிஞ்சுகின்றது. கப்பலின் கதவு, கட்டில், சமையற் பாத்திரம், மின்பிறப்பாக்கி, மின்கம்பி என எதுவும் வீணாவதில்லை. அலங்குக்குச் செல்லும் வீதியின் இருமருங்கிலும் இவற்றை விற்கும் கடைகள் வரிசையாக நிற்கின்றன. கொழும்புப் பஞ்சிகாவத்தையிற் பழைய மோட்டார் வாகன உறுப்புக்கள் மறுவாழ்வு பெறுவதைக் கண்டோர்க்கு இவ்வுலகம் அந்நியமானதன்று. பொருளின் பயனை இறுதிவரை பிழிந்தெடுக்கும் இவ்வறிவு வறுமையிலிருந்து பிறந்ததெனினும் அறிவே. ஐரோப்பா இன்று சுழற்சிப் பொருளாதாரம் எனத் தேடும் திறன் இங்கு ஏலவே வழக்கிலுள்ளது.

இரண்டாவது கூறு கொடுக்கப்படாத செலவு. கல்நார் அகற்றுவதற்கான செலவு, எண்ணெய்க் கழிவைச் சேகரிப்பதற்கான செலவு, விபத்தில் மாண்டவரின் குடும்பத்துக்கு நியாயமாகச் சேரவேண்டிய நட்டஈடு, மாசடைந்த கரையில் மீன்பிடிப்போரின் இழப்பு ஆகியன செலுத்தப்படாமையால் எஞ்சும் தொகையும் கப்பலின் விலையிற் சேர்ந்து அதன் கடைசி உடைமையாளனைச் சென்றடைகின்றது. சுருங்கக் கூறின், அவனுடைய வருவாயின் ஒரு பகுதி தொழிலாளியின் நுரையீரலிலிருந்து எடுக்கப்படுகின்றது.

இவ்விரு கூறுகளையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே விவாதம் இரு முனைகளுக்கும் இழுபடுகின்றது. ஒரு சாரார் இரண்டாவது கூற்றைக் காட்டி முழுத்தொழிலையும் தடைசெய்ய வேண்டுமென்பர். மறுசாரார் முதலாவதைக் காட்டி உள்ளதை உள்ளவாறே விட்டுவிடவேண்டுமென்பர். முன்னதில் தொழிலாளியின் பிழைப்புப் போகின்றது. பின்னதில் அவன் உயிர் போகின்றது.

7. சட்டத்தின் எல்லைகள்

1989ஆம் ஆண்டுப் பாசல் உடன்படிக்கை ஆபத்தான கழிவுகளை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்திற்று. ஆனால் தன் இயந்திரத்தாலேயே நகரும் கப்பல் எப்பொழுது கப்பல், எப்பொழுது கழிவு? இவ்வினாவே உடைமையாளருக்குத் தப்பும் வழியாயிற்று. பிரான்சிற் கட்டப்பட்டு 1962இல் ஓடத்தொடங்கிய 'பிரான்ஸ்' என்னும் பயணிகள் கப்பல், பின்னர் 'நோர்வே' எனவும் இறுதியில் 'புளூ லேடி' எனவும் பெயர்மாறி, 2006இல் அலங் கரையை அடைந்தது. அதற்குச் சற்று முன்னர், 2006 பெப்ரவரியில், அலங்கை நோக்கி அனுப்பப்பட்ட பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பலான 'கிளெமான்சோ' மக்கள் எதிர்ப்பினாலும் நீதிமன்றத் தீர்ப்பினாலும் திருப்பியழைக்கப்பட்டது. அது இறுதியில் உடைக்கப்பட்ட இடம் ஹார்ட்ல்பூல். பம்பாயில் 1817இற் பிறந்த 'ட்ரிங்கோமலி' புதுப்பிக்கப்பட்டு மிதக்கும் அதே நகரம் அது. அரசின் உடைமையாக இருந்தமையாலேயே கிளெமான்சோவைத் திருப்பியழைக்க முடிந்தது. தனியார் கப்பலுக்கு அத்தகைய பொறுப்பாளி எவருமில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இயற்றிய கப்பல் மீள்சுழற்சி ஒழுங்குவிதியின்படி, ஒன்றிய நாடுகளின் கொடியுடைய பெருங்கப்பல்கள் 2018ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட தளங்களிலேயே உடைக்கப்படவேண்டும். தென்னாசியக் கரைத்தளம் எதுவும் அப்பட்டியலில் அப்போது இடம்பெறவில்லை. நோக்கம் நன்றாயினும் விதி கொடியைப் பற்றியதே அன்றி உடைமையைப் பற்றியதன்று. கடைசிப் பயணத்துக்கு முன் கப்பலை இடைத்தரகருக்கு விற்றுவிடலாம். அவர் அதற்கு வேறொரு சிறுநாட்டின் கொடியை ஏற்றலாம். உடைமையாளரின் பெயர் அலங் கரைக்கு வருவதேயில்லை.

2009இல் ஹொங்கொங்கில் நிறைவேறிய சர்வதேச உடன்படிக்கை, போதிய நாடுகள் ஏற்காமையாற் பல்லாண்டு நடைமுறைக்கு வரவில்லை. இந்தியா 2019இல் இதையொட்டிச் சட்டமியற்றிற்று. 2023இற் பங்களாதேஷும் லைபீரியாவும் ஏற்றபின், 2025 ஜூன் 26ஆம் திகதி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கப்பலும் தன்னுள் அடங்கிய ஆபத்தான பொருட்களின் பட்டியலை வைத்திருக்கவேண்டும் என்பது இதன் பயனுள்ள ஏற்பாடு. டென்மார்க்கின் மேர்ஸ்க் நிறுவனம் 2011இற் கட்டளையிட்ட பெருங்கொள்கலன் கப்பல்களுக்கு, எந்த உறுப்பு எந்தப் பொருளாலானது என்பதைப் பதியும் ஆவணம் ஒன்றை அறிமுகப்படுத்தியமையும் இத்திசையிலான முயற்சியே. ஆயினும் பட்டியல் அறிவைத் தரும், செலவைத் தராது. கரையைச் சீர்செய்வதற்கான மூலதனத்தைக் கொடுக்கவேண்டியவர் யார் என்பதைப் பற்றி உடன்படிக்கை மௌனம் சாதிக்கின்றது.

கப்பலின் முடிவு எப்பொழுதும் திட்டப்படி வருவதுமில்லை. சிங்கப்பூர்க் கொடியுடன் வந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' 2021 மே மாதத்திற் கொழும்புக்கு அப்பாலுள்ள கடலில் தீப்பற்றி, ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. சீனாவிற் கட்டப்பட்டுச் சில மாதங்களேயான கப்பல் அது. அதிலிருந்த பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. மீனவர் கடலுக்குச் செல்வது தடைப்பட்டது. 2025 ஜூலையில் இலங்கை உயர்நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. கப்பலின் இறப்புக்கான செலவு உடைமையாளரைச் சேர்ந்தது என்னும் கோட்பாட்டை ஒரு சிறிய நாட்டின் நீதிமன்றம் உரத்துக் கூறிய சந்தர்ப்பம் இது.

8. கொழும்பின் இடம்

பிறப்புக்கும் இறப்புக்கும் இடைப்பட்ட பகுதியே கப்பலின் ஆயுள். அதை நீட்டிக்கும் தொழிலிற் கொழும்புக்கு நீண்ட அனுபவமுண்டு. வோக்கர்ஸ் கொம்பனி முதலியவற்றின் பட்டறைகளில் வளர்ந்த பழுதுபார்ப்புத் திறனை அடித்தளமாகக் கொண்டு 1974இற் கொழும்பு டொக்யாட் நிறுவப்பட்டது. 1993இல் யப்பானின் ஒனோமிச்சி டொக்யாட் நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கிற்று. நான்கு உலர்துறைகளையுடைய இத்தளம் பழுதுபார்ப்பிலிருந்து கட்டுதலுக்கும் முன்னேறியது. நோர்வேயின் மிஸ்யே நிறுவனத்துக்கு மின்கலத்துணையுடன் இயங்கும் சிறு சரக்குக் கப்பல்களும், பிரான்சின் ஒறாஞ் மரீன் நிறுவனத்துக்குக் கடலடித் தொடர்புக் கம்பிகளைப் பழுதுபார்க்கும் 'சோபி ஜெர்மான்' என்னும் கப்பலும் இங்கு கட்டப்பட்டன. இக்கப்பல் 2023இற் கையளிக்கப்பட்டது. ஐரோப்பாவின் பசுமைக் கப்பல்களிற் சில கொச்சிக்கடைக்கு அண்மையிலுள்ள இக்கரையிற் பிறந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும் 2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி நெருக்கடியின் பின் இத்தளம் கடும் நிதி இடர்ப்பாட்டுக்குள்ளாயிற்று. யப்பானிய நிறுவனம் விலகத் தீர்மானித்தது. 2025 ஜூனில் மும்பையின் மசகோன் டொக் நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கப்போவதாக அறிவித்தது. இந்நிறுவனம் 1774இல் ஒரு சிறு உலர்துறையாகத் தொடங்கியதாகத் தன் வரலாற்றைக் கூறிக்கொள்வது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனின் சட்டங்களால் முடக்கப்பட்ட பம்பாய்க் கட்டுதள மரபு இந்திய அரசின் துணையுடன் மீண்டெழுந்து கொழும்பை நோக்கி நகர்ந்துள்ளது. இதனாற் கொழும்புத் தொழிலாளருக்கு விளையப்போவது நன்மையா என்பது, உடைமை எந்நாட்டவரிடம் உள்ளது என்பதைவிட, திறனும் தீர்மானமும் எக்கரையில் வளர்கின்றன என்பதிலேயே தங்கியிருக்கும்.

9. முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, கப்பற்றொழிலிற் சுழற்சி புதியதன்று. வல்வெட்டித்துறை ஓடாவியும் ஜாரோத் தொழிலாளியும் அலங் தொழிலாளியும் அதைச் செய்தவர்களே. மூன்று வேலைகளும் ஒரே கரையிலிருந்தவரை அதன் நன்மை தீமைகள் ஒருவரிடமே சேர்ந்தன. அவை கண்டங்களிடையே பிரிக்கப்பட்ட பின்னரே நன்மை ஓரிடத்திலும் தீமை வேறோரிடத்திலும் தங்கின.

இரண்டாவது, போட்டித்திறன் சட்டத்தாலும் மூலதனத்தாலும் அரசாலும் ஆக்கப்படுவது. 1814ஆம் ஆண்டுப் பாராளுமன்றமும் யப்பானிய அரசும் சீன அரசும் இதை நன்கறிந்திருந்தன. இன்று ஐரோப்பா தன் கட்டுதளங்களுக்குப் பாதுகாப்புக் கோரும்பொழுது அதை நாம் குறைகூற வேண்டியதில்லை. அதே உரிமை தென்னாசியக் கரைகளுக்கும் உண்டெனக் கோருவதே பொருத்தமானது.

மூன்றாவது, கப்பல் பிறக்கும்பொழுதே அதன் இறப்புக்கான செலவு ஒதுக்கப்படவேண்டும். கொடி மாறினாலும் உடைமை மாறினாலும் அத்தொகை கப்பலோடு செல்லவேண்டும்; கரையைச் சீமெந்திட்டுக் கழிவைச் சேகரிக்கவும், தொழிலாளரைப் பயிற்றவும் காப்புறுதி செய்யவும் அது பயன்படவேண்டும். அவ்வாறாயின் அலங்கின் கூடிய விலையில் உள்ள இரண்டாவது கூறு மறையும். முதலாவது கூறாகிய கைத்திறன் எஞ்சும். அத்திறனின் பலத்தில் மாத்திரம் போட்டியிட்டாலும் தென்னாசியத் தொழிலாளி தோற்கமாட்டான்.

கொழும்பு இவ்வமைப்பிற் கப்பலின் ஆயுளை நீட்டும் கரையாக நிற்கமுடியும். கழிப்பதற்கு முன் பழுதுபார்ப்பதே சுழற்சியின் முதல் விதி; அவ்வேலைக்குத் தேவையான அறிவு துறைமுகத்தைச் சூழ்ந்த குடியிருப்புக்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தேங்கியுள்ளது. அதைத் தொழிற்கல்வியாகவும் ஆய்வாகவும் வளர்த்தெடுப்பது நமது பல்கலைக்கழகங்களின் கடமை. துறைமுகத் தொழிலாளரின் வரலாற்றை வேலைநிறுத்தங்களின் வரலாறாக எழுதியாயிற்று. இனி அவர்களுடைய தொழிலறிவின் வரலாறும் எழுதப்படவேண்டும்.